போலிஷ் மொழியில் எதிர்காலத்தைப் பேசுவது எப்படி: மொரிஷியஸ் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

படிப்புக்கோ வேலைக்கோ போலந்து செல்ல எண்ணும் மொரிஷியஸ் தமிழ் இளைஞர்கள் நேர்காணலில் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி, "க்ஜெ விஜி ஷெ பான் ஸா பியெஞ்ச் லாத்?" என்பதாகும். ஐந்து ஆண்டுகளில் தாங்கள் எந்த நிலையில் இருப்பீர்கள் என்று எண்ணுகிறீர்கள் என்பது இதன் பொருள். பெண்ணிடம் கேட்கும்போது 'பான்' என்ற மரியாதைச் சொல் 'பானி' என்று மாறும்.

இதில் வரும் 'ஸா' இன்றிலிருந்து எண்ணப்படும் காலத்தைக் குறிக்கிறது. ஓராண்டில் என்பதற்கு 'ஸா ரோக்', ஈராண்டில் என்பதற்கு 'ஸா த்வா லாத்தா' என்று சொல்ல வேண்டும். இரண்டு முதல் நான்கு வரை 'லாத்தா', ஐந்து முதல் இருபத்தொன்று வரை 'லாத்' என்பது விதி. அடுத்த ஆண்டு என்பது 'ஃப் ப்ஷிஷ்விம் ரோக்கு'. எதிர்காலம் என்ற பெயர்ச்சொல்லான 'ப்ஷிஷ்வோஷ்ச்' நாவுக்குக் கடினமாகத் தோன்றினாலும், மெதுவாகப் பலமுறை சொல்லிப் பழகினால் வசப்படும்.

வினைச்சொல்லில்தான் மிகுந்த கவனம் வேண்டும். போலிஷ் மொழி, நடந்துகொண்டிருக்கும் செயலையும் நடந்து முடியும் செயலையும் தனித்தனி வினைகளால் சொல்கிறது. "பெந்தெ ஷெ உச்சிச் போல்ஸ்கியெகோ" என்றால் போலிஷ் படித்துக்கொண்டிருப்பேன் என்றும், "நாஉச்செ ஷெ போல்ஸ்கியெகோ" என்றால் போலிஷ் கற்றுவிடுவேன் என்றும் பொருள்படும். தமிழில் '-கொண்டிருப்பேன்', '-விடுவேன்' என்ற துணைவினைகள் காட்டும் இந்த வேறுபாடு நமக்கு இயல்பாகவே விளங்கும் என்பதால், பிரெஞ்சு வழியாகச் சிந்திப்பதைவிடத் தமிழ் வழியாகச் சிந்தித்து வாக்கியம் அமைப்பதையே பரிந்துரைக்கிறேன். முடிவைக் காட்டும் வினையோடு, எதிர்காலத்தைக் காட்டும் துணைவினையான 'பெந்தெ'யை ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

'பெந்தெ' (நான்), 'பெஞ்ஜெஷ்' (நீ), 'பெஞ்ஜெ' (அவன், அவள், பான், பானி என்பவற்றோடும் இதுவே), 'பெஞ்ஜெமி' (நாம்), 'பெஞ்ஜெச்செ' (நீங்கள் பலர்), 'பெந்தொங்' (அவர்கள்) என்று வடிவங்கள் மாறும். கடைசி வடிவத்தின் முடிவில், பிரெஞ்சில் 'நல்ல' என்று பொருள்படும் 'பொன்' என்ற சொல்லில் ஒலிக்கும் மூக்கொலி வரும். நம் தீவில் வளர்ந்தவர்களுக்கு அது எளிது. வேலை செய்வேன் என்பதை ஆண் 'பெந்தெ ப்ராத்ஸோவாவ்' என்றும், பெண் 'பெந்தெ ப்ராத்ஸோவாவா' என்றும் சொல்லலாம். இருவருக்கும் பொதுவான 'பெந்தெ ப்ராத்ஸோவாச்' என்ற வடிவத்தோடு தொடங்குவது நல்லது.

வாய்ப்பு வளத்தைப் பற்றிப் பேச, 'பெர்ஸ்பெக்திவி' என்று பன்மையில் சொல்ல வேண்டும். வளரும் வாய்ப்புள்ள வேலை 'ப்ராத்ஸா ஸ் பெர்ஸ்பெக்திவாமி'. அது இல்லாதது 'ப்ராத்ஸா பெஸ் பெர்ஸ்பெக்திஃப்'. பதவி உயர்வுக்கான வாய்ப்பு 'ஷான்ஸா நா ஆவான்ஸ்'. இந்த 'ஷான்ஸா' பிரெஞ்சிலிருந்து வந்த சொல்லே என்றாலும், கிரியோலில் நாம் சொல்வதுபோல் அதிர்ஷ்டம் என்ற பொருளில் அதைப் பயன்படுத்தக் கூடாது. நல்லபடியாக நடக்கட்டும் என்று பிறரை வாழ்த்துவதற்கு 'போவோஜெனியா' என்ற சொல் இருக்கிறது.

திட்டத்தைச் சொல்ல 'பிளானுயெ' என்றும், நம்பிக்கையைச் சொல்ல 'மாம் நாஜெயெ' என்றும் தொடங்கலாம். "போஜியெமி, ஸோபாச்சிமி" (இருந்து பார்ப்போம்) என்பது நண்பர்களிடையே இனிமையாக ஒலிக்கும் தொடர். நேர்காணலில் சொன்னால் உறுதியற்றவர் என்று எண்ண இடமாகும். அங்கே, நல்லதே நடக்கும் என்று நம்புகிறேன் என்ற பொருள் தரும் "யெஸ்தெம் தோப்ரெய் மிஷ்லி" பொருத்தமாக இருக்கும்.