நான்கு வகைத் திசுக்கள்: உங்கள் கையைப் பார்த்தே படிக்கலாம்

உடலில் எத்தனை உறுப்புகள் இருந்தாலும் அடிப்படைத் திசு வகைகள் நான்குதான்: எபிதீலியத் திசு (பரப்புகளை மூடியிருக்கும் படலம்), இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. பெயர்களை உருப்போடுவதைவிட, சட்டைக் கையை மடித்துவிட்டு உங்கள் முன்கையைப் பாருங்கள். நன்றாகப் பதியும்.

மேல்தோல் எபிதீலியம். லேசாகச் சிராய்த்தால் எரியும், ஆனால் ரத்தம் வராது. எபிதீலியத்துக்குள் ரத்தக் குழாய் இல்லை என்பதுதான் காரணம். அடியில் இருக்கும் உள்தோல்வரை கிழிந்தால்தான் ரத்தம் கசியும். அந்த உள்தோல் இணைப்புத் திசு.

இப்போது முஷ்டியை இறுக்கி, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்குங்கள். முன்கையில் திரள்வது தசை. மணிக்கட்டில் விறைத்து எழும்புவது தசைநாண். பெயரில் தசை இருந்தாலும் அது இணைப்புத் திசு, தேர்வில் பலரும் சறுக்குவது இங்கேதான். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, ஏன், ரத்தம்கூட இந்த வகைதான். அப்புறம் பொதுவாக எப்படி அடையாளம் காண்பது? செல்கள் தள்ளித்தள்ளி இருக்க, நடுவே செல் அல்லாத பொருள் நிறைய இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தத்தில் அது பிளாஸ்மா என்ற திரவம்; எலும்பில் கால்சியம் உப்பு படிந்த கெட்டிப் பொருள்.

நரம்புத் திசுவுக்கு முழங்கை. அதன் உள்பக்க மேட்டுக்குப் பின்னால் அடிபட்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று பாயுமே, அது அந்த வழியாகப் போகும் அல்நார் நரம்பு.