வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து பணம் பெறுவது எப்படி? புதிய ஃப்ரீலான்சர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை முடிந்து ஃபைலை அனுப்பிய பிறகு, "பணத்தை எப்படி அனுப்பட்டும்?" என்று வாடிக்கையாளர் கேட்பார். அப்போது யோசிக்கத் தொடங்கினால் தாமதமாகிவிடும். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே இதையும் பேசி முடித்துவிடுங்கள்.

படி 1: கையில் எவ்வளவு வரும் என்று பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் கட்டணத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் பணம் அதிகமாகக் கரைவது நாணய மாற்று விகிதத்தில்தான். 1000 டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சேவை 8 டாலர் கட்டணம் எடுத்துக்கொண்டு, மீதியைச் சந்தை விகிதத்திலேயே மாற்றித் தருகிறது. இன்னொன்று "கட்டணமே இல்லை" என்கிறது, ஆனால் விகிதத்தை 3 சதவீதம் குறைத்துப் போடுகிறது. இரண்டாவதில் உங்களுக்கு 30 டாலர் நஷ்டம், அது ரசீதில் எங்கும் தெரியாது.

அதனால் அன்றைய சந்தை விகிதத்தை இணையத்தில் பார்த்து, வர வேண்டிய தொகையை நீங்களே கணக்குப் போடுங்கள். கணக்கில் ஏறிய தொகையோடு ஒப்பிட்டால் உண்மையான செலவு தெரிந்துவிடும்.

படி 2: வழியைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி வங்கி வயர் டிரான்ஸ்ஃபர், அதாவது அவருடைய வங்கியிலிருந்து உங்கள் வங்கிக்கு அனுப்புவது. இதற்கு உங்கள் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் கோடு வேண்டும். 8 அல்லது 11 எழுத்து, எண்களைக் கொண்டது. 1973-இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்ட ஸ்விஃப்ட் என்ற அமைப்பு, பணத்தைத் தூக்கிச் செல்வதில்லை. வங்கிகளுக்கிடையே செய்தியை மட்டும் கொண்டுபோகிறது. அனுப்பும் வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவில் வேறு வங்கிகள் வரும், அவையும் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்ளலாம். 1000 அனுப்பினேன் என்று அவர் சொல்ல, உங்களுக்கு 975 வந்து நிற்பது இப்படித்தான்.

இதைத் தவிர்க்க, கட்டணம் யாருடையது என்று முன்பே பேசுங்கள். அனுப்பும் படிவத்தில் 'ஓ.யு.ஆர்' (OUR) என்றால் அனுப்புபவர் ஏற்கிறார், 'எஸ்.எச்.ஏ' (SHA) என்றால் இருவரும் பகிர்கிறார்கள், 'பி.ஈ.என்' (BEN) என்றால் எல்லாம் உங்கள் தலையில். சிறிய தொகைக்கு வயர் கட்டுப்படியாகாது. பெரிய தொகைக்கு நல்ல வழி.

இரண்டாவது, வைஸ், பேயோனியர் போன்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவைகள். இவை உங்கள் பெயரில் வேறு நாட்டு நாணயத்தைப் பெறும் கணக்கு விவரங்களைத் தருகின்றன. டாலருக்கு வங்கியைக் குறிக்கும் 9 இலக்க ரவுட்டிங் எண், பவுண்டுக்கு அதேபோல 6 இலக்க சார்ட் கோடு, யூரோவுக்கு ஐபேன் (IBAN) என்ற சர்வதேசக் கணக்கு எண். வாடிக்கையாளர் தன் உள்நாட்டில் பணம் அனுப்புவதுபோலவே அனுப்பிவிடலாம். தொடர்ந்து வேலை தரும் வாடிக்கையாளர் இருந்தால் நான் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். எந்த நாணயம் கிடைக்கும் என்பது நீங்கள் வசிக்கும் நாட்டைப் பொறுத்தது, பதிவு செய்யும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பேபால். பலரிடம் ஏற்கெனவே இருப்பதால் சுலபம். ஆனால் கட்டணம் சதவீதத்தில் போகும், நாணய மாற்றுக்கும் தனியாகப் பிடிப்பார்கள். பணம் செலுத்தியவர் 180 நாட்கள் வரை தகராறு எழுப்பலாம் என்பதால், வேலையை ஒப்படைத்த சான்றுகளை அழித்துவிடாதீர்கள். பணம் பெறும் வசதி எல்லா நாடுகளிலும் இல்லை.

அப்வொர்க், ஃபைவர் போன்ற, ஃப்ரீலான்சர்களையும் வாடிக்கையாளர்களையும் இணைக்கும் தளங்கள் வழியாக வேலை செய்தால், தளம் தரும் வழிகளிலிருந்துதான் தேர்வு செய்ய வேண்டும்.

படி 3: விவரங்களைச் சரியாக எழுதுங்கள்

ஒருமுறை நான் இன்வாய்ஸில் (வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில்லில்) என் பெயரைச் சுருக்கி எழுதிவிட்டேன். வங்கிக் கணக்கில் முழுப் பெயர். பணம் நடுவழியில் நின்று, கடிதம் எழுதிச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது. பெயரை வங்கியில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். கணக்கு எண், வங்கியின் பெயர், முகவரி, ஸ்விஃப்ட் கோடு எல்லாவற்றையும் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம். பணம் அனுப்புபவருக்கு உங்கள் கடவுச்சொல்லோ ஓடிபியோ ஒருநாளும் தேவைப்படாது.

படி 4: இன்வாய்ஸ், அப்புறம் ஒரு சிறு முன்பணம்

இன்வாய்ஸில் படி 3-இல் சொன்ன வங்கி விவரங்களோடு இன்வாய்ஸ் எண், தேதி, வேலையின் விவரம், தொகை, நாணயம், கெடு தேதி, கட்டணம் யாருடையது என்ற வரி. இவ்வளவு இருந்தால் போதும். புதிய வாடிக்கையாளரிடம் முதலில் சிறு தொகையை முன்பணமாகக் கேளுங்கள். வழி சரியாக இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே அனுப்பாதீர்கள். இது பழைய மோசடி. அவர் அனுப்பிய பணம் பிறகு ரத்தாகிவிடும், நீங்கள் அனுப்பியது போனது போனதுதான். உங்கள் வங்கியிடமோ சேவையிடமோ சொல்லி, வந்த வழியிலேயே திருப்பச் சொல்லுங்கள்.

படி 5: பணம் வரவில்லையென்றால்

வயர் என்றால் சில நாட்கள் பொறுங்கள். அதன் பிறகும் வராவிட்டால், எம்.டி. 103 என்று வழக்கமாகச் சொல்லப்படும் அனுப்பல் நகலை வாடிக்கையாளரிடம் கேளுங்கள். அதில் யு.ஈ.டி.ஆர் என்ற 36 எழுத்துத் தடமறியும் எண் இருக்கும். அதை உங்கள் வங்கியில் கொடுத்தால் பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று தேட முடியும். "அனுப்பிட்டேன்" என்ற ஸ்கிரீன்ஷாட் இதற்கு உதவாது.

பணம் ஏறியதும் இன்வாய்ஸையும் வங்கியின் வரவுச் சான்றையும் ஒரே கோப்புறையில் சேர்த்து வையுங்கள். வரி கட்டும்போது அவை இரண்டும் கேட்கப்படலாம். சில நாடுகளில் எதற்காக வந்த பணம் என்று வங்கியும் கேட்கும், அப்போது இன்வாய்ஸை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடலாம்.