லோத்தோங் குரங்குக்கு எல்லை வரையுமுன்

பினாங்குக் கொடிமலைக் காட்டில், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுடைய லோத்தோங் குரங்குக்குக் காப்பிடம் வரைய விரும்புவோர், முதலில் அது தென்பட்ட இடங்களின் பதிவுகளைச் சலித்தெடுக்க வேண்டும். பதிவுகள் நடைபாதையோரங்களில் குவிவது இயல்பு. தென்பட்ட இடங்களைக் கொண்டு ஓர் உயிரினத்துக்குப் பொருத்தமான வாழிடத்தைக் கணித்து வரைபடமாக்கும் மேக்ஸென்ட் மென்பொருளில் அவற்றை அப்படியே இட்டால், குரங்கின் விருப்பத்தை விட்டுச் சுற்றுலாப் பயணிகளின் விருப்பத்தையே அது வரைந்து தரும். ஆகவே, நெருங்கிய பதிவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒப்பிடுவதற்காகக் காட்டிலிருந்து எடுக்கும் பின்னணிப் புள்ளிகளையும் அதே பாதையோரச் சாய்வுடன் எடுங்கள்.

வேர்ல்டுகிளிம் தட்பவெப்பத் தரவின் மிக நுண்ணிய கட்டமே ஏறத்தாழ 1 கிலோமீட்டர் என்பதால், செங்குத்தான சரிவுகளுக்கு உயரத்தையும் மர விதானத்தையும் நுண்ணளவில் சேர்ப்பது நன்று. கணிப்பு சரிதானா என்று சோதிக்கப் பதிவுகளைக் குலுக்கிப் பிரிக்காமல் நிலப்பகுதிவாரியாகப் பிரியுங்கள்.

வரைபடம் காட்டுவது பொருத்தமான வாழிடத்தை மட்டுமே. சாலை துண்டாடிய காட்டுக்குள் குரங்கு போய்ச் சேருமா என்பதை நேரில் பார்த்த பிறகே எல்லையை வரைய வேண்டும்.