அடிக்கடி பிசகும் கணுக்கால்: இறக்கத்தில் நடப்பவர்கள் செய்யும் தவறுகள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஒருமுறை கால் பிசகியவருக்கு ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் பயம். பயத்துக்குக் காரணம் உண்டு. இறங்கும்போது பாதத்தின் நுனி கீழ்நோக்கிச் சாய்கிறது. கணுக்கால் எலும்பின் குறுகலான பின்பகுதி மூட்டுக்குள் வருவதால் பிடிப்பு தளர்கிறது. அந்த நிலையில் பாதம் உள்பக்கம் மடங்கினால் வெளிக்கணுவுக்கு முன்னால் உள்ள தசைநார்தான் முதலில் இழுபடும்.

வீக்கம் வடிந்ததும் கால் சரியாகிவிட்டது என்று நினைப்பது முதல் தவறு. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தியைத் தசைநார், மூட்டு உறை, தசை ஆகியவற்றில் உள்ள நரம்பு முனைகள் அனுப்புகின்றன. வலி போன பிறகும் அந்த உணர்வு மந்தமாகவே இருக்கலாம்.

'தசை பலமாக இருந்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும்' என்பது இன்னொரு நம்பிக்கை. பாதம் மடங்குவதைத் தடுப்பவை கெண்டைக்காலின் வெளிப்புறம் ஓடும் பெரோனியஸ் தசைகள். பாதம் சாயத் தொடங்கி அவை விழித்துக்கொள்ளவே சுமார் 60 முதல் 90 மில்லிவினாடி ஆகும். இழுவிசை வர இன்னும் சற்று நேரம் வேண்டும். அதற்குள் பிசகு நடந்து முடிந்திருக்கும். ஆகவே கால் தரையைத் தொடுமுன்பே தசை இறுகியிருக்க வேண்டும். தசை பலத்துக்காகப் பாதத்தில் மாட்டிய ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டே இருந்தால் மட்டும் இது வராது.

பயிற்சியிலும் ஒரு கோளாறு: கண்ணைத் திறந்து, சமதரையில் நின்றதோடு நிறுத்திவிடுகிறார்கள். கணுக்கால் உறுதியில்லாதவர்கள் சமநிலைக்குக் கண்ணையே அதிகம் நம்புகிறார்கள். மாலையில் பனிமூட்டம் இறங்கித் தேயிலைத் தோட்டத்துப் படி தெரியாமல் போனால் அந்த ஆதரவும் போச்சு. சுவரோரம் ஒற்றைக்காலில் 30 வினாடி, 3 முறை, வாரம் 5 நாள் நில்லுங்கள். தள்ளாட்டம் குறைந்தால் கண்ணை மூடி. பிறகு நான்காக மடித்த கம்பளிமேல். கடைசியாக 15 செ.மீ. படியிலிருந்து ஒற்றைக்காலில் மெல்லக் குதித்து, முழங்காலைச் சற்று மடக்கி, 5 வினாடி அசையாமல் நிற்க வேண்டும். குறைந்தது 6 வாரமாவது தேவை. பாதியில் விடுபவர்களே அதிகம்.

கயிறு கட்டும் கணுக்கால் உறை வேலை நேரத்தில் உதவும்; பயிற்சிக்கு மாற்று அல்ல. தொளதொளப்பான கம்பூட்ஸ் வேண்டவே வேண்டாம், உள்ளே பாதம் நழுவும்.

புதுப் பிசகை உடனே எண்ணெய் போட்டு நீவிச் 'சுளுக்கு எடுப்பது' வீக்கத்தைக் கூட்டும். நான்கு காலடிகூட எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ, முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.