ஸ்பெயின் கிராமப்புறத்தில் ஓடப் போகிறீர்களா? மலையை விட வயலைக் கவனியுங்கள்

ஸ்பெயினுக்கு ஓடப் போகிறவர்கள் பெரும்பாலும் மலைக்குத்தான் தயாராகிறார்கள். எத்தனை மீட்டர் ஏற்றம், எந்த ஷூ, எத்தனை ஜெல் என்று கணக்குப் போடுகிறார்கள். சிக்கல் வருவதோ ஊருக்கும் மலைக்கும் நடுவில். ஆலிவ் தோப்பு, மேய்ச்சல் நிலம், வாய்க்கால் கரை, வேட்டைக்காடு. படத்தில் பார்த்தால் ஆளரவமற்ற வெட்டவெளி. உள்ளே போனால் ஒவ்வொரு துண்டிலும் யாரோ ஒருவருடைய பிழைப்பு நடந்துகொண்டிருக்கும். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பாதி, இதை மறப்பதால் வருபவை.

முதலில் கடிகாரம். ஸ்பெயின் இருப்பது கிரீன்விச் கோட்டை ஒட்டியும் அதற்கு மேற்கேயும். ஆனால் 1940 முதல் அது வைத்திருப்பது பெர்லின் நேரம். கோடையில் அதோடு இன்னொரு மணி நேரம் கூடுகிறது. அதனால் ஜூலையில் கிரனாடாவில் சூரியன் உச்சிக்கு வரவே பிற்பகல் 2.20 ஆகிவிடும். கொடும் வெயில் 4 மணிக்குத் தொடங்கி 7 வரை நிற்கும். ‘அஞ்சு மணிக்கு வெயில் தாழ்ந்துடும், அப்ப கிளம்பலாம்’ என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே நேராக உச்சி வெயிலில் கொண்டுபோய் நிறுத்தும். ஓட ஏற்ற நேரம் காலைதான். விடிவதே 7 மணிக்கு என்பதால் கருக்கலில் கிளம்பி 11 மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

சென்னை வெயிலில் ஓடிப் பழகியவர்களுக்கு இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. உள்நாட்டு ஸ்பெயினின் வெயில் வறண்டது. வியர்வை உடனே காய்ந்துவிடும், சட்டை நனையாது, வியர்க்கவே இல்லை என்று தோன்றும். பனியனில் வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் உடம்பு எவ்வளவு இழந்திருக்கிறது என்று புரியும். தாகத்தை நம்பாமல், நேரம் பார்த்துக் குடிப்பது நல்லது.

தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. பல கிராமங்களின் சதுக்கத்தில் கல்தொட்டியோடு ஒரு குழாய் ஓடிக்கொண்டிருக்கும். ‘ஆகுவா பொதாப்லே’ என்றிருந்தால் தயங்காமல் நிரப்பலாம். ‘நோ பொதாப்லே’ என்றால் குடிக்கக் கூடாது. ‘நோ திராதாதா’ என்பது நடுவாந்தரம்: குளோரின் கலக்காத ஊற்று நீர் என்று பொருள். உள்ளூர்க்காரர்கள் குடிப்பார்கள், மேலே மாடு மேய்கிற இடமென்றால் நான் தொடமாட்டேன். வடக்கே உள்ள பிகோஸ் தே எவ்ரோபா போன்ற சுண்ணாம்புப் பாறை மலைகளில் நிலைமை வேறு. அங்கே மழை கொட்டும், சுற்றிலும் பச்சைப் பசேல் என்றிருக்கும், ஆனால் பெய்த நீரெல்லாம் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். உயரே ஒரு சொட்டு கிடைப்பது அரிது. பசுமையைப் பார்த்து அரை லிட்டர் போதும் என்று ஏறுகிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அல்புஹார்ராவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தெற்கு ஸ்பெயினின் சியெர்ரா நெவாடா மலைத்தொடரின் தெற்குச் சரிவில் பாம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா, ட்ரெவேலெஸ் என்று வெள்ளையடித்த ஊர்கள் மலையைப் பற்றிக்கொண்டு நிற்கும். படிப்படியான வயல்கள், கஷ்கொட்டை மரங்கள், மேலே 3,479 மீட்டர் உயர முலாசேன் சிகரம். இந்தச் சரிவு முழுக்க ‘அசேகியா’ எனப்படும் வாய்க்கால்கள் ஓடுகின்றன. இடைக்கால முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் உருவான பாசன முறை இது. உயரே உள்ள சில வாய்க்கால்கள் பாசனத்துக்கு மட்டுமல்ல. பனி உருகும் வசந்த காலத்தில், அந்த நீரை வேண்டுமென்றே மலைச்சரிவில் கசிய விடுவார்கள். மண்ணுக்குள் இறங்கிய நீர் மெதுவாக நகர்ந்து, கோடையில் கீழே ஊற்றாக வெளிவரும். ஆகஸ்டில் ஊர்க் குழாயில் நீங்கள் பிடித்துக் குடிக்கிற தண்ணீரில் அந்த வேலைக்கும் பங்கு உண்டு.

ஓடுபவர்களின் தவறு என்னவென்றால், இந்த வாய்க்கால் கரை ஏறத்தாழ சமதளமாக இருப்பதால் அதையே பாதையாக நினைத்துக்கொள்வது. குறிபோட்ட சில நடைபாதைகள் உண்மையிலேயே கரையோரம் போகின்றன, அவற்றில் ஓடலாம். மற்றவை மண் கரை. குறுக்கே குதித்தும் விளிம்பை மிதித்தும் உடைத்தால், மண்வெட்டியோடு வந்து சரிசெய்ய வேண்டியவர்கள் அந்த வாய்க்காலை நம்பியிருக்கும் பாசன விவசாயிகள். எதிரே மண்வெட்டியோடு ஒருவர் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, வழிவிட்டு, ‘புவேனோஸ் தியாஸ்’ (காலை வணக்கம்) சொல்லுங்கள். வழியைப் பற்றி எந்தச் செயலியும் சொல்லாத தகவல் அவரிடமிருந்து கிடைக்கலாம்.

செயலி என்றதும் நினைவுக்கு வருவது, யாரோ பதிவேற்றிய தடத்தைக் கைக்கடிகாரத்தில் இறக்கிக்கொண்டு அப்படியே ஓடும் பழக்கம். அந்தக் கோடு ‘ஒருவர் ஒருநாள் இங்கே போனார்’ என்று மட்டுமே சொல்கிறது. அவர் வேலி தாண்டிப் போனாரா, அனுமதி கேட்டுப் போனாரா என்பது அதில் இல்லை. எங்கு வேண்டுமானாலும் நடந்து போகும் பொது உரிமை ஸ்பெயினில் கிடையாது. பாறையிலும் கம்பத்திலும் தீட்டிய வண்ணக் குறிகளைப் படித்துக்கொள்ளுங்கள். வெள்ளை-சிவப்பு நெடுந்தூரப் பாதை, வெள்ளை-மஞ்சள் குறும்பாதை, வெள்ளை-பச்சை ஊரைச் சுற்றிய பாதை. இரண்டு நிறக் கோடுகளும் பெருக்கல் குறியாக இருந்தால் தப்பான திசை. குறியில்லாத மண் சாலை பொதுவா தனியாரா என்ற சந்தேகம் வந்தால், காதாஸ்ட்ரோ என்ற அரசு நிலப்பதிவேட்டின் இணைய வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அதில் சாலைகளுக்கும் ஓடைகளுக்கும் 9000-க்கு மேற்பட்ட எண்களைத் தந்திருப்பார்கள். இது கடைசித் தீர்ப்பு அல்ல, ஆனால் நல்ல துப்பு.

இன்னொரு நல்ல வழி, பழைய கால்நடைப் பாதைகள். கோடைக்கும் குளிருக்கும் மந்தைகளை இடம் மாற்றி ஓட்டிச் செல்ல நூற்றாண்டுகளாகப் பயன்பட்ட தடங்கள் இவை. 1995-இல் வந்த ஒரு சட்டம் இவற்றைப் பொதுச் சொத்து என்று உறுதி செய்கிறது. அகலமும் அதிலேயே இருக்கிறது: கன்யாதா 75 மீட்டர், கோர்தெல் 37.5, வெரெதா 20 வரை. நடப்பதற்கும் இவற்றைப் பயன்படுத்தலாம். ஓடவும் அருமையான தடங்கள்.

ஆனால் அதே தடத்தில் மந்தையும் வரும், மந்தையோடு நாயும் வரும். வடமேற்கில் சமோரா, லெயோன், அஸ்தூரியாஸ் பக்கம் ஓநாய்கள் உண்டு. அங்கே ஆடுகளுக்குக் காவல் மஸ்தீன் நாய்கள். 60, 70 கிலோ எடை இருக்கும், சிலவற்றின் கழுத்தில் முள் வைத்த பட்டையும் இருக்கும். அவற்றின் வேலை, மந்தையை நோக்கி வேகமாக வரும் எதையும் தடுப்பது. ஓடிவரும் மனிதன் அந்த வரையறைக்குள் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறான். இங்கே சொல்லும் தவறுகளிலேயே பெரியது இதுதான்: குரைப்பைக் கேட்டதும் வேகத்தைக் கூட்டுவது. செய்ய வேண்டியது நேர் எதிர். நடையாக மாறுங்கள். சாதாரணக் குரலில் எதையாவது பேசிக்கொண்டே போங்கள், தமிழில் பேசினாலும் சரி, மனிதக் குரல் என்று தெரிந்தால் போதும். ஊன்றுகோலை ஓங்காதீர்கள், கல்லெடுக்கக் குனியாதீர்கள். மந்தைக்கு நடுவே புகாமல் நல்ல தூரம் விட்டுச் சுற்றிப் போங்கள். மேய்ப்பவர் கண்ணில் பட்டால் கையசைத்து, எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் வீணாகும், அவ்வளவுதான்.

மாடுகளிலும் வித்தியாசம் தெரிய வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் அதன் கன்றுக்கும் இடையே போகக் கூடாது என்பது நமக்குத் தெரிந்ததே. சலமாங்கா, எஸ்த்ரெமாதுரா, அந்தலூசியா பகுதிகளின் ஓக் மரத் திடல்களில் ‘கனாதோ பிராவோ’ என்ற பலகையைப் பார்த்தால் உள்ளே காலே வைக்காதீர்கள். காளைச் சண்டைக்காக வளர்க்கும் இனம் அது. மற்ற இடங்களில் படலைத் திறந்தால் திறந்த மாதிரியே மூடிவிட்டுப் போங்கள். மின்வேலி குறுக்கிட்டால் பிளாஸ்டிக் பிடியை மட்டும் பிடித்துக் கழற்றி, திரும்ப மாட்டுங்கள்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஓடுவதற்கு வானிலை இனிமையாக இருக்கும். காட்டுப்பன்றி, மான் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாடும் பருவமும் அதே மாதங்கள்தான். மூலைக்கு மூலை கறுப்பும் வெள்ளையுமாகப் பிரித்த சிறு தகடு எங்கும் தென்படும்; அது வேட்டை உரிமை பெற்ற நிலம் என்பதற்கான அடையாளம். அதைப் பார்த்து மட்டும் அஞ்ச வேண்டாம். வார இறுதியிலோ விடுமுறை நாளிலோ பாதை தொடங்குமிடத்தில் ‘பதிதா’ அல்லது ‘மொந்தெரியா’ என்று தற்காலிகப் பலகை நின்றால், உள்ளே காட்டுப்பன்றியை விரட்டித் துப்பாக்கியோடு வரிசையாக நிற்கிறார்கள் என்று அர்த்தம். ஆரஞ்சுச் சட்டை போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் நுழையாதீர்கள். திரும்பி வேறு வழி பாருங்கள்.

அதே மாதங்களில் ஹயேன் மாகாணத்தில் ஆலிவ் அறுவடை. 6 கோடிக்கும் அதிகமான ஆலிவ் மரங்கள் உள்ள மாகாணம் அது. மரத்தடியில் விரித்த வலைமேல் ஓடுவது, களத்தில் காயும் நெல்லை மிதித்துக்கொண்டு போவது போலத்தான். மழை பெய்த மறுநாள் அந்தத் தோப்புகளில் ஓட நினைக்கவே வேண்டாம். களிமண் ஷூவில் அப்பி, பத்தடிக்குள் இரண்டு காலும் கனத்துவிடும். அன்றைக்கு ஆலிவ் எண்ணெய் ரயில் ஓடிய பழைய தடத்துக்குப் போய்விடுங்கள். ஹயேனிலிருந்து கோர்தோபா மாகாணத்தின் புவெந்தே ஹெனில் வரை 128 கிலோமீட்டர், ரயிலுக்காகப் போட்டதால் ஏற்றம் மிக மென்மை. காதிஸ் மாகாணத்தின் ஒல்வேரா - புவெர்தோ செர்ரானோ தடம் இன்னும் அழகு. 36 கிலோமீட்டரில் 30 சுரங்கங்கள். ஒரு ரயில்கூட ஓடாமலே கைவிடப்பட்ட பாதை அது! தலைவிளக்கு இல்லாமல் போகாதீர்கள்.

மலைக்கும் ஒரு சொல். தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டமிடாதீர்கள். கபிலெய்ராவிலிருந்து முலாசேன் உச்சிக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் ஏற வேண்டும். 100 மீட்டர் ஏற்றத்தைச் சமதளத்தில் கூடுதலாக ஒரு கிலோமீட்டர் என்று வைத்தால், 20 கிலோமீட்டர் கணக்கில் சேர்கிறது. கீழே பாதாம் பூத்திருக்கும் நாளில் மேலே உறைபனி கண்ணாடியாக இறுகியிருக்கும். பைரனீஸில் கோடைப் பிற்பகல் இடிமழை வழக்கம். மதியத்துக்குள் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். கோடையில் காட்டுத்தீ எச்சரிக்கையையும் அன்றன்று பாருங்கள். கத்தலோனியாவில் எச்சரிக்கை நான்காம் நிலைக்குப் போனால் சில மலைப்பகுதிகளையே மூடிவிடுவார்கள். சமோராவின் சியெர்ரா தெ லா குலேப்ராவில் 2022 கோடையில் எரிந்த பரப்பை அறிந்தவர்கள் அதைக் கெடுபிடி என்று சொல்ல மாட்டார்கள்.

சிறு ஊர்களில் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இருந்தாலும் மதியம் 2 முதல் 5 வரை பெரும்பாலும் பூட்டு, ஞாயிறும் அப்படியே. சாப்பாட்டுக்கு உங்கள் கதி அநேகமாக ஊரின் ஒரே பார்தான். காலையில் அங்கே காபி குடிக்கும்போதே எந்தப் பக்கம் ஓடுகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவைத்துவிடுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அவசரத்துக்கு 112. மலைமீட்புக்குப் பல இடங்களில் குவார்தியா சிவில் என்ற தேசியக் காவல் படையின் தனிப்பிரிவு வரும். கத்தலோனியா, அஸ்தூரியாஸ், பாஸ்க் பகுதிகளில், ஆபத்து உங்கள் அசட்டையால் வந்தது என்று தெரிந்தால் மீட்புச் செலவை உங்களிடமே கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பயணக் காப்பீட்டில் மலையோட்டமும் மீட்பும் அடங்குமா என்பதை ஊரிலேயே படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.