கைவிஷமோ என்று சந்தேகம் வந்தால்: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்

"மருமவதான் ஏதோ குடுத்திருக்கா மக்களே" என்று மாமி என் காதில் சொன்னது 2023 ஆடியில், அடுக்களை வாசலில் வைத்து. உள்ளே அந்த மருமகள் மாமாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு அப்போது 61 வயது. நான்கு மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். வெளிக்குப் போவது ஐந்து நாளைக்கு ஒரு தடவை. வாயில் எந்நேரமும் இரும்பை நக்கியது மாதிரி ருசி என்பார். எடை 11 கிலோ குறைந்திருந்தது. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் நார்மல். அந்தப் பெண் கல்யாணமாகி வீட்டுக்கு வந்தது தை மாதம். மாமியின் கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

எங்கள் ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். 2022 அக்டோபரில் பாறசாலைக்கார இளைஞர் ஒருவர் கஷாயத்தில் பாராக்வாட் என்ற களைக்கொல்லி கலந்து கொடுக்கப்பட்டு இறந்தார். அதன்பிறகு இங்கே யார் டம்ளரை நீட்டினாலும் ஒரு நொடி யோசிக்கிறார்கள். கைவிஷம், அதாவது வேண்டாதவர்கள் சாப்பாட்டில் ரகசியமாக எதையோ கலந்து கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு, அதற்கும் வெகுகாலம் முன்பே உண்டு. கேரளத்தில் சேர்த்தலைப் பக்கம் திருவிழா என்ற ஊரில் உள்ள மகாதேவர் கோயிலில் பாலில் மருந்து கலந்து தருவார்கள், வாந்தியோடு கைவிஷம் வெளியே வந்துவிடும் என்பது நம்பிக்கை. மாமி ரயில் டிக்கெட்டே எடுத்துவிட்டார். நான் அவரோடு வாதாடவில்லை. "போறதுக்கு முன்னால ரத்தம் மட்டும் குடுத்துட்டுப் போவோம் மாமி" என்றேன். உங்கள் வீட்டிலும் நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அதற்கு முன்னால் ஒரு பரிசோதனையை நுழைத்துவிடுங்கள், போதும்.

நான் டாக்டர் இல்லை, ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுகிறவன். நாங்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

திடீர் வாந்தி, எச்சில் ஒழுகுவது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, வாயும் தொண்டையும் வெந்து புண்ணாவது, மூச்சுத்திணறல், வலிப்பு, பேச்சு குழறுவது, இவற்றில் எது வந்தாலும் நோட்டு வேண்டாம், உடனே 108. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே ஆளை முடித்துவிடும். பக்கத்தில் கிடக்கும் பாட்டில், பொட்டலம் எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோங்கள். எலி பேஸ்ட் விஷயத்தில் இன்னொன்று: முதல் நாள் வாந்திக்குப் பிறகு ஓரிரு நாள் ஆள் தெளிவாக இருப்பார். வீட்டார் அதை நம்பிக் கூட்டிவந்துவிடுவார்கள். ஈரல் கெடுவது அதற்கப்புறம்தான். டாக்டர் போகச் சொல்லும்வரை அங்கேயே இருங்கள். டெல்லி எய்ம்ஸில் தேசிய நச்சுத் தகவல் மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. 1800 116 117, கட்டணம் கிடையாது.

மாமாவுடையது மெல்ல வந்த நோய். அப்படியானால் நோட்டு வாங்குங்கள். தேதி, வாய்க்குள் போனவை, அதையே வேறு யார் சாப்பிட்டார்கள், அன்று உடம்பு எப்படி, அன்று எந்த இடத்தில் இருந்தார். இவ்வளவு போதும். 'யார் கொடுத்தது' என்று ஒரு பத்தி மட்டும் போடாதீர்கள். மாமி போட்டார், நான் அந்தத் தாளைக் கிழித்தேன். மூன்று வாரத்தில் நோட்டு பேச ஆரம்பித்தது. மருமகள் சமைத்ததை ஐந்து பேர் சாப்பிட்டார்கள், நோவு ஒருவருக்குத்தான். அவள் தம்பி நிச்சயத்துக்குத் தாய்வீடு போயிருந்த பத்து நாளும் மாமாவுக்கு வலி இம்மியும் குறையவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு நாள் கொஞ்சம் தேவலை, வீட்டுக்கு வந்ததும் பழையபடி. அப்படியென்றால் வீட்டில் ஏதோ இருக்கிறது, அது அவள் கையிலிருந்து வரவில்லை.

அது என்ன என்று தெரிய இன்னும் ஒரு வாரம் ஆனது. தப்பு கேள்வியில்தான். "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று எல்லா டாக்டர்களும் கேட்டார்கள். மாமா எல்லாரிடமும் "ஒண்ணுமில்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு மருந்து என்றால் இங்கிலீஷ் மாத்திரை. பொடி, லேகியம், குளிகை, பஸ்மம், செந்தூரம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மூட்டுக்கு ஏதாவது உண்டா, சர்க்கரைக்கு உண்டா என்று கேளுங்கள். ஆண்மைக்கு என்பதைத் தனியாக, வீட்டுக்கு வெளியே, ஆண்பிள்ளை ஒருவர் கேட்கட்டும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பையும் பாருங்கள். அது வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் (லெட்) கலந்திருந்தால் ஆபத்து. பழைய பெயிண்ட் சுரண்டும் வேலை, பேட்டரி வேலை செய்கிறவரா என்றும் கேளுங்கள்.

மாமாவின் அலமாரி மேல் ஒரு ஸ்டீல் டப்பா இருந்தது. உள்ளே சாம்பல் நிறக் குளிகைகள். பெயர், தயாரிப்புத் தேதி, உரிம எண் எதுவும் இல்லை. மகன் கல்யாணத்துக்கு ஓடியாடியதில் முட்டு வலித்ததாம், யாரோ வாங்கிக் கொடுத்தார்களாம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஆறு மாதமாக! மாமி போட்ட கணக்கில் மாதம் சரிதான், ஆள்தான் தவறு. (சித்த மருத்துவத்தைக் குறை சொல்வதாகச் சண்டைக்கு வராதீர்கள். என் தாத்தா வர்ம ஆசான். லேபிள் இல்லாத குளிகையை அவரே தொடமாட்டார்.)

இப்படி எது கிடைத்தாலும் கொட்டிவிடாதீர்கள், கழுவாதீர்கள். பையில் போட்டுத் தேதி எழுதி டாக்டரிடம் கொண்டுபோங்கள். அவரிடம் "விஷம் வெச்சுட்டாங்க" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "இது ஏதாவது நச்சால் இருக்குமா, எதற்கெல்லாம் பார்க்கலாம்?" என்று நோட்டைத் திறந்து கேளுங்கள். எல்லா விஷத்தையும் ஒரே சொட்டில் காட்டும் டெஸ்ட் உலகத்தில் கிடையாது. எதைத் தேடுவது என்று சொன்னால்தான் லேப் தேடும். ஆர்சனிக்குக்குச் சிறுநீர் சோதிப்பதானால் முன்பு சில நாள் மீன், இறால் கூடாது. எங்கள் ஊரில் மீனில்லாத நாள் ஏது, ஆகவே எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வழிகாட்டியது மலிவான ஒரு ஸ்மியர் பரிசோதனை, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் தெரிந்தன. டியூட்டியில் இருந்த இளம் டாக்டரம்மா டார்ச் அடித்து ஈறைப் பார்த்தார். பல்லை ஒட்டிக் கருநீலக் கோடு. ரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 82 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருக்க வேண்டியது. இந்த உடம்போடு வாந்திக்கு எதுவும் குடிக்கக் கூடாது என்று அவர் சொன்னதும் மாமியே டிக்கெட்டைக் கேன்சல் செய்தார்.

நோட்டு உண்மையிலேயே ஒரு ஆளைக் காட்டினால், நீங்களே விசாரணை நடத்தாதீர்கள். டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். எம்.எல்.சி. போடுவார்கள், அதாவது போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ் என்று பதிவார்கள். ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்கி வையுங்கள். முதல் நாள் எடுத்த ரத்தத்தையும் சிறுநீரையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். மிச்சச் சாப்பாட்டைத் தடய அறிவியல் லேபுக்கு நீங்களே கொண்டுபோக முடியாது, போலீஸ் வழியாகத்தான் போகும். ஆள் பிழைத்துக்கொண்டாலும் விஷம் கொடுத்தது குற்றம்தான், பாரதிய நியாய சன்ஹிதாவில் 123ஆம் பிரிவு. இறந்துபோனால், ஊரார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பிரேதப் பரிசோதனை முடியாமல் அடக்கம் செய்யாதீர்கள்.

மாமா ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டார். அளவு இறங்கும், மறுபடி ஏறும். எலும்பில் சேர்ந்த காரீயம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு வந்துகொண்டே இருக்குமாம். இப்போது தோட்டத்துக்குப் போய்வருகிறார்.

அன்று அடுக்களை வாசலில் மாமி சொன்னது உள்ளே கேட்டிருக்கிறது. மருமகள் இன்றும் கஞ்சி வைக்கிறாள், ஆற்றியும் தருகிறாள். ஆனால் மாமா கையில் கொடுப்பதில்லை. மேஜையில் வைத்துவிட்டு, முதலில் ஒரு கரண்டி எடுத்துத் தான் குடித்துவிட்டுத்தான் போகிறாள்.