டெலஸ்கோப் வாங்குவதற்கு முன்: கடலூர் மொட்டை மாடியில் கோடை வானம்

எங்கள் குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?" என்பதுதான். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். இருபத்தேழு நட்சத்திரங்களின் பெயர் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்கிறோம், கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிறோம். மகம், அஸ்தம், சித்திரை, சுவாதி, விசாகம், அனுஷம், கேட்டை ஆகியவை மே மாத நடுவில் இரவு ஒன்பது, பத்து மணிக்கு நம் வீட்டு மாடியிலிருந்தே தெரிகின்றன. பெயர் தெரிந்தவரை நேரில் பார்க்கப் போவதுபோல நினைத்துத் தொடங்குங்கள்.

முதலில் நாள் பாருங்கள்

மங்கலான நட்சத்திரங்களுக்கு அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லது. நிலாவில் பள்ளங்களைப் பார்க்க வளர்பிறை சப்தமி, அஷ்டமி. பௌர்ணமி நிலாவில் நிழலே விழாது, அதனால் பள்ளங்களும் எடுபடாது. டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது நிமிடமாவது ஆகும், ஒரு முறை போன் திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண்.

தெற்கே தலை, வடக்கே கால்

பாய் விரித்து மல்லாந்து படுங்கள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று பாட்டி சொன்னது இங்கே வசதியாகப் போயிற்று. கால் பக்கம், பாதி உயரத்தில், ஏழு நட்சத்திரங்கள் கவிழ்த்த அகப்பைபோலத் தெரியும். அதுதான் சப்தரிஷி மண்டலம். அகப்பையின் காம்பு வலது பக்கம், அதாவது கிழக்கே நீளும். காம்பின் நுனியிலிருந்து இரண்டாவது நட்சத்திரம் வசிட்டர். அதை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி தெரிகிறதா? அருந்ததி! கல்யாணத்தில் பகல் வெளிச்சத்தில் ஐயர் கை காட்டிய அதே அருந்ததி. போன கோடையில் எங்களோடு வந்த ஓர் அம்மா இதைக் கண்டுபிடித்ததும் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்குத் தெரியுதுன்னு சும்மா தலையாட்டுனேன் தம்பி" என்றார். அப்புறம் அரை மணி நேரம் அவர் வேறு பக்கம் திரும்பவே இல்லை.

சரி, இப்போது காம்பின் வளைவை அப்படியே நீட்டுங்கள். முதலில் வரும் பிரகாசமான ஆரஞ்சு நட்சத்திரம் சுவாதி, 37 ஒளியாண்டு தொலைவு. அதே வளைவில் இன்னும் போனால் நீலவெள்ளையாகச் சித்திரை. அதன் ஒளி கிளம்பி சுமார் 250 ஆண்டு ஆகிறது. சித்திரை மாதப் பௌர்ணமியன்று நிலா இந்த நட்சத்திரத்தின் பக்கத்தில்தான் நிற்கும், மாதத்துக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். வைகாசிக்கு விசாகமும் அப்படியே.

தெற்கே திரும்புங்கள்

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். வட இந்தியாவுக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைக்கும் இடம் இது. நாம் இருப்பது 11.75 டிகிரி வட அட்சரேகையில். கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. தெற்கு அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டிக்குள் சாய்ந்த பட்டம்போல நான்கு நட்சத்திரங்கள் இருக்கும். அது தெற்குச் சிலுவை. டெல்லியில் அது முழுதாக எழுவதே இல்லை. அதற்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். இடக்கோடியில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி, 4.4 ஒளியாண்டு தூரத்தில் உள்ள நம் பக்கத்து வீடு. கடலூரில் தெற்கே சிப்காட் வெளிச்சம் கொஞ்சம் தொந்தரவு செய்யும். கரண்ட் போன இரவுகளை விட்டுவிடாதீர்கள்.

பத்து மணிவாக்கில் சித்திரை நேர் தெற்கில் நிற்கும். அதற்கு நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்கி, 7×50 அல்லது 10×50 பைனாகுலரைத் (7 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ. அகலம்) திருப்புங்கள். நீரில் கரைத்த சுண்ணாம்புத் துளிபோல உருண்டையாக ஒன்று தெரியும். ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்து அது, அதாவது பந்துபோலத் திரண்ட நட்சத்திரக் கூட்டம். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள், 17,000 ஒளியாண்டு தொலைவில். முதலில் பிடிபடாது. நேராக முறைக்காமல் சற்றே ஓரக்கண்ணால் பாருங்கள், வந்துவிடும்.

கடற்கரைக்குப் போனால்

தேவனாம்பட்டினத்தில் விளக்கும் கூட்டமும் அதிகம், கொஞ்சம் விலகிப் போக வேண்டும். கிழக்கே தடையே இல்லை. கேட்டை செக்கச்செவேலெனக் கடலுக்கு மேலே ஏறுவதை அங்கேதான் பார்க்க வேண்டும். ஆனால் உப்புக்காற்று. முதல் வருடம் லென்சில் படிந்த ஈரத்தைத் துண்டால் துடைத்தேன். உப்பும் மணலும் சேர்ந்து பூச்சில் கீறல் போட்டுவிட்டன. இன்றும் அந்த பைனாகுலரில் நிலாவைச் சுற்றி ஒரு மங்கல் இருக்கிறது. ரப்பர் குமிழால் காற்றடித்து மணலை விலக்கிய பிறகே மென்மையான தூரிகை, அதற்கப்புறம்தான் துணி.

குழுவோடு செய்ய வேண்டியவை

பகலில் செய்ய ஒன்று: நிழலில்லா நாள். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஏப்ரல் 20, 21 வாக்கில், பிறகு ஆகஸ்ட் 21, 22 வாக்கில், நண்பகல் சுமார் 12.10 மணிக்குச் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வருகிறது. ஒரு பிவிசி குழாய்த் துண்டைச் சமதளத்தில் நிமிர்த்தி வையுங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கிக் குழாயின் அடியிலேயே மறைந்துவிடும். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்.

இரவுக் கூட்டத்தில் மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்தால் பத்து மணி வரை பொறுங்கள். பகல் வெயிலைக் குடித்த தளம் சூட்டைக் கக்கும், பிம்பம் அதுவரை நடுங்கும். பார்க்கும்போது டெலஸ்கோப் குழாயைப் பிடிக்காதீர்கள். நிலா மெல்ல நகர்ந்து விளிம்பில் மறைவது பூமி சுழல்வதால்தான், டெலஸ்கோப் பழுதில்லை.

மேகம் வந்துவிட்டால்? 1769 ஜூனில், வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தார் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தி. அதற்கு முந்தைய 1761 கடப்பின்போது அவர் கப்பலில் மாட்டிக்கொண்டதால் அளக்க முடியவில்லை. எட்டு ஆண்டு காத்திருந்தும், அன்று காலை மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகுதான் வெயில் வந்தது. புதுவையில் தங்கிய நாட்களில் அவர் தமிழர்களிடம் கிரகணக் கணக்கு கற்றுக்கொண்டு எழுதியும் வைத்தார். அவரை ஏமாற்றிய மேகத்தை நினைத்து, நாங்கள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு தேதி குறிக்கிறோம். மேகம் மூடிய இரவில் மாடியிலேயே உட்கார்ந்து அடுத்த தேதிக்கான வரைபடத்தைக் கையால் வரைகிறோம்.

மே 5, 6 தேதிகளில் விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வையுங்கள். ஹாலி வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசு, கிழக்குப் பக்கமிருந்து எரிகற்களாகக் கிளம்பும். பாய் கொண்டு வாருங்கள், நாலரை வரை படுத்திருப்போம்.